இன்னும் குறைக்காத வரிக்கு நன்றி

1

அரசுகள் வாளால் எழுகின்றன, வரியால் விழுகின்றன. வரலாற்றின் ஒவ்வொரு பெரும் திருப்பத்திலும், நெஞ்சை நிமிர்த்தி ‘இது நியாயமில்லை’ என்று சொன்ன ஒரு வணிகன் நின்றிருக்கிறான்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது. பிறகு இந்தக் கதையின் வணிகர் காசிராஜனை நினைத்துப் பார்த்தேன். அவர் நின்றது வரலாற்றின் திருப்பத்தில் அல்ல. விருதுநகர் அரசு விருந்தினர் மாளிகையில், ஒரு பூந்தொட்டிக்கும் சங்கத் தலைவரின் முழங்கைக்கும் நடுவில். நெஞ்சை நிமிர்த்த இடமில்லை.

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருதுநகரில் ஒரு சுவரில் பாதி கிழிந்த சுவரொட்டி ஒன்றைப் பார்த்தேன். ‘நெஞ்சார்ந்த நன்றி! நன்றி! நன்றி!’ என்ற பகுதி பத்திரமாக இருந்தது. எதற்கு நன்றி என்ற பகுதியை ஓர் ஆடு தின்றுகொண்டிருந்தது. அது தின்ற பகுதியைத்தான் நான் எழுதப் பார்க்கிறேன். ஆகவே இதில் வரும் சங்கம், அமைச்சர், அதிகாரி, வேன் எல்லாம் என் சொந்தத் தயாரிப்பு. ஆடு மட்டும் நிஜம்.

2

இரண்டாயிரத்து ஆறாம் வருடம், தீபாவளி முடிந்த கார்த்திகை. அன்று காலை சூரியன் தகதகவென்று

(வேண்டாம். சிவகாசிக் கதையில் சூரியனைப் பற்ற வைத்தால் வாசகர் உடனே விபத்தை எதிர்பார்ப்பார். இந்தக் கதையில் எதுவும் வெடிக்காது. முன்பணம் கட்டியவர்கள் மன்னிக்கவும்.)

வேறு மாதிரித் தொடங்குகிறேன். கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது.

“காசியண்ணா, சௌக்கியங்களா? ஒரு சமாச்சாரமுங்க. சனவரியில இருந்து புது வரியாம். எல்லாத்தையும் பில்லோடதான் வாங்கோணும்னு எங்க ஆடிட்டர் ஒத்தக் கால்ல நிக்கறாருங்க.”

“பில்லுதான? அடிச்சாப் போச்சு. இது சிவகாசி.”

“அதில்லீங்கண்ணா. பட்டாசை நாலு சதவீதத்துல வெச்சாங்கன்னா சமாளிச்சுக்கலாம். பன்னண்டரையில வெச்சுட்டாங்கன்னா உங்க சரக்கும் பெரிய கம்பெனிச் சரக்கும் ஒரே வெலையில வந்து நிக்குமுங்க. அப்பறம் நான் எதுக்குங்க உங்ககிட்ட வாங்கோணும்?”

பழைய விற்பனை வரி போய் மதிப்புக் கூட்டு வரி வரப்போகிறது. அதில் பட்டாசு எந்தப் படியில் உட்காரும் என்பதுதான் சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் டீக்கடைகளில் அப்போது ஒரே பேச்சு. காசிராஜனுக்கு அது பேச்சு மட்டுமல்ல. அவருடைய சிறிய யூனிட்டின் சரக்கில் முக்கால்வாசி அந்தக் கோயம்புத்தூர் வியாபாரிக்குத்தான் போகிறது. அந்த ஆர்டர் நின்றால் அடுத்த சீசனுக்கு ஷெட்டைத் திறக்க முடியாது. ஷெட்டைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ள ஒருவர் தயாராக இருந்தார், ரொம்பப் பிரியமாக. சங்கத் தலைவர் அய்யாதுரை. ஆனால் குத்தகைக்கு விட்டால் வெளியே போவது அய்யாதுரையின் லேபிள் ஒட்டிய சரக்கு.

காசிராஜனின் லேபிள் ‘கீர்த்திகா’. கீர்த்திகா சக்கரம், கீர்த்திகா புஸ்வாணம், கீர்த்திகா சாட்டை. லேபிளில் இரட்டைக் குடுமி போட்ட இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, கையில் மத்தாப்போடு வாய்கொள்ளாமல் சிரிக்கும். அது அவர் மகள். கதை நடக்கும்போது அவள் பிளஸ் டூ.

* அய்யாதுரையை முதல் வரைவில் வில்லனாக்கியிருந்தேன். சுருட்டுப் பிடித்தார், இருட்டில் சிரித்தார். பிறகு எடுத்துவிட்டேன். சங்கத் தலைவர்கள் தங்கள் பெயர் வருகிற பக்கத்தை மட்டும் கவனமாகப் படிப்பவர்கள். தவிர, சிறு யூனிட்டுகளுக்காக மனதாரப் போராடிக்கொண்டே அவற்றைக் குத்தகைக்கு எடுக்கும் மனிதர் வில்லனைவிட சுவாரசியமானவர்.

3

விஸ்வநத்தம் வட்டாரச் சிறு பட்டாசு உற்பத்தியாளர்கள் மற்றும் சார்புத் தொழில் முனைவோர் நலப் பாதுகாப்புச் சங்கம்.

மேலே உள்ளது வாக்கியமல்ல, பெயர். லெட்டர் பேடில் இதை அச்சடித்த பிறகு கோரிக்கை எழுதக் கொஞ்சம்தான் இடம் மிஞ்சும் என்பதால், சங்கத்தின் கோரிக்கைகள் எப்போதும் சுருக்கமாகவே இருந்தன. நகரத்தில் இருந்த பெரிய சங்கம் டெல்லிக்கு விமானத்தில் போய்ப் பேசிவிட்டு வரும். இவர்கள் விருதுநகருக்கு வேனில் போவார்கள்.

அமைச்சர் ஒருவர் விருதுநகர் வருகிறார், பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார் என்ற செய்தி வந்ததும் செயற்குழு கூடியது. ஏழு பேர். செயலாளர் காசிராஜன். கூடிய இடம் அய்யாதுரையின் அச்சகத்து மாடி. கீழே மெஷின்கள் அடுத்த வருடக் காலண்டர்களைத் தள்ளிக்கொண்டிருந்தன. நவம்பரில் சிவகாசியில் மெஷின் சும்மா நிற்பது கல்யாண வீட்டில் சமையல்காரர் சும்மா நிற்பது போல. பார்த்த மாத்திரத்தில் யாருக்காவது ஏதாவது தோன்றும். அன்று அய்யாதுரைக்குத் தோன்றியது.

“பெங்களூர் ஆர்டருக்குப் பேப்பர் வந்து சேரலை. ஒரு மெஷின் சும்மா நிக்கி,” என்றார். “நன்றி போஸ்டரை இன்னைக்கே அடிச்சு வச்சிருவோம்.”

“எதுக்கு நன்றி அண்ணாச்சி?”

“வரியைக் குறைச்சதுக்குத்தான்.”

“இன்னும் குறைக்கலையே. நம்ம கேக்கவே இல்லையே!”

“ஏலே காசி, அடுத்த வருசக் காலண்டர் கீழ ஓடுதா இல்லையா?”

“ஓடுது.”

“அடுத்த வருசம் வந்திருச்சா?”

“வரலை.”

“வரும்லா?”

“வரும்…”

“அப்ப வரியும் குறையும். பிளேட்டைப் போடச் சொல்லு. இன்னைக்கு விட்டா பொங்கல் கழிஞ்சுதான் மெஷின் கிடைக்கும். அதுவரைக்கும் நன்றி சொல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?”

காசிராஜன் யோசித்துப் பார்த்தார். தர்க்கத்தில் ஓட்டையைத் தேடினார். சிவகாசியில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு அதில் ஓட்டை தெரியவில்லை. நடக்கப்போகிற கல்யாணம், பிறக்கப்போகிற வருடம், ஜெயிக்கப்போகிற வேட்பாளர் எல்லாவற்றையும் முன்கூட்டியே அடித்துக் கட்டுப்போட்டு அடுக்குகிற ஊர் அது. அறிவிப்பு வந்த மறுநாள் ஒட்ட வேண்டியதுதானே?

‘வரியைக் குறைத்து எங்கள் வாழ்வை உயர்த்திய வள்ளலே!’ என்று நாலு கலரில் அடித்தார்கள். நடுவில் அமைச்சர், ஆளுயரப் புன்னகை. கீழே அய்யாதுரை, கைகூப்பி, தர்பூசணி அளவில். அதற்குக் கீழே செயற்குழு, எலுமிச்சை அளவில். காசிராஜன் ஓரத்தில், மிளகு அளவில்.

4

இனிமேல் கீர்த்திகாவைக் கொண்டுவர வேண்டும். எனக்கு இவள்மீது சந்தேகம் இருக்கிறது. அப்பாவுக்குப் புத்தி சொல்லும் மகள்கள் கதைகளில் மலிந்துவிட்டார்கள். வெட்டிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன்; கதை முழுக்க மீசையாக இருந்தது. திரும்பக் கூப்பிட்டேன். புத்தி மட்டும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு வந்தாள்.

அமைச்சரைப் பார்க்கப் போகும் காலையில் காசிராஜன் புது வேட்டி கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். “மாண்புமிகு ஐயா அவர்களே, பட்டாசை நாலு சதவீதத்தில் வைக்க வேண்டும்.” அவ்வளவுதான் வசனம். அதையே வேண்டுகிறோம், வேண்டிக்கொள்கிறோம், வேண்டி விரும்பிக் கேட்டுக்கொள்கிறோம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“அப்பா, போறது சரி. பேசுவீகளா?” என்றாள் கீர்த்திகா, சடை பின்னிக்கொண்டே.

“பேசாம?”

“போன தடவை கலெக்டரைப் பாக்கப் போயிட்டு, ‘நல்லா இருக்கீகளா’ன்னு கேட்டுட்டு வந்தீகளே.”

“அது… மரியாதைக்குப் போனது.”

“எப்பவும் மரியாதைக்கே போறீக.” சடையைப் பின்னால் எறிந்தாள். “இங்க பாருங்க, அந்த லேபிள்னால ஸ்கூல்ல என் பேரே புஸ்வாணம். அந்த போட்டோவைக் கிழிச்சுப் போடணும்னு எனக்கு எம்புட்டு நாளு ஆசை தெரியுமா? ஆனா அதுல என்னை எடுத்துட்டு அய்யாதுரை பெரியப்பா மூஞ்சி வந்துச்சு, நான் வீட்டை ரெண்டாக்கிருவேன்.”

காசிராஜன் கண்ணாடியை விட்டுத் திரும்பினார். அந்தப் படம் எடுத்த அன்று குழந்தை அழாமல் சிரிக்க வேண்டுமென்று கேமராக்காரருக்குப் பின்னால் அவர் குரங்கு போலக் குதித்தது

(இங்கே நான் கண்ணீரைக் கொண்டுவரப் பார்க்கிறேன் என்று தெரிகிறது. நிறுத்துகிறேன். வேன் வந்துவிட்டது.)

5

வேன்! ஞாயிற்றுக்கிழமை என்பதால் தொழிலாளிகளை ஏற்றுகிற கம்பெனி வேன் ஒன்று காலியாக இருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஏழு செயற்குழு உறுப்பினர்கள் ஏறி உட்கார்ந்தார்கள். மடியில் ஏழு பொன்னாடைகள், ஒரு ரோஜா மாலை. ஆளாளுக்கு ஒரே பரபரப்பு. போட்டோவில் யார் அமைச்சருக்கு வலப்பக்கம், யார் இடப்பக்கம் என்பதைத் திருத்தங்கல் தாண்டுவதற்குள் முடிவு செய்தார்கள். கோரிக்கையை யார் சொல்வது என்பது மட்டும் பாக்கி.

“அது கடைசியில, நேரம் இருந்தா காசி சொல்லட்டும்,” என்றார் அய்யாதுரை. “மொதல்ல பொன்னாடை. அதுதான் முறை.”

வெடிமருந்து அறையில் வேலை முடித்துவிட்டு தினமும் பெண்கள் உட்காருகிற சீட்டுகள் அவை. அலுமினியப் பவுடர் ஏறி ஏறி வெள்ளியாக மின்னும். அந்த வேனில் அதுவரை முதலாளிகள் யாரும் ஏறியதில்லை. ஆகவே அவர்களுக்கு அது தெரியாது. விருதுநகரில் இறங்கியபோது, சங்கத்தின் நலப் பாதுகாப்புக் குழுவுக்கு முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் வெள்ளி.

அதை யாரும் கவனிக்கவில்லை. அதற்கு முன்பே, ஊர் எல்லையில், காசிராஜன் ஜன்னல் வழியாக அலறியிருந்தார்.

“அண்ணாச்சி! சுவத்தைப் பாருங்க!”

சுவரில் அமைச்சர் சிரித்தார். அடுத்த சுவரிலும் சிரித்தார். பாலத்தூண், மின்பெட்டி, மூடிக்கிடந்த கடைக் கதவு, எங்கும் ‘வரியைக் குறைத்து எங்கள் வாழ்வை உயர்த்திய வள்ளலே!’ பசை இன்னும் ஈரம்.

அய்யாதுரை செல்போனை எடுத்து, சுவரொட்டி ஒட்டுகிற ராக்கப்பனைக் கூப்பிட்டார். “ஏலே ராக்கப்பா! போஸ்டரை யாரு ஒட்டச் சொன்னா?”

“யாரும் சொல்லலை மொதலாளி. நானாத்தான் ஒட்டினேன்.” குரலில் பெருமை வழிந்தது. “கட்டு சும்மா கெடந்துச்சு. அமைச்சர் படம் போட்டிருக்கு. அமைச்சர் வாராருன்னாக. வர்றப்ப ஒட்டாம, போனப்புறமா ஒட்டுவாக? மதுரை ரோட்டுல ஒரு இடம் விடலை மொதலாளி. அவுக கார் எங்கன திரும்பினாலும் அவுக மூஞ்சிலதான் முழிக்கணும்!”

அய்யாதுரை போனை வைத்தார். காசிராஜன் மெல்லக் கேட்டார்: “அண்ணாச்சி… செஞ்சதுக்கு நன்றின்னு ஒட்டியாச்சு. இனிமே போய், செய்யுங்கன்னு எப்படிக் கேக்க?”

ஏழு பேரும் பொன்னாடைகளைப் பார்த்தார்கள்.

* ராக்கப்பன் பேசுவது சரி என்பதை நான் குறித்துக்கொள்ள விரும்புகிறேன். இந்தக் கதையில் ஒழுங்காக வேலை செய்த ஒரே ஆள் அவர். எல்லாக் குழப்பமும் அதனால் வந்ததுதான்.

6

அமைச்சர் விருந்தினர் மாளிகைக்குள் நுழைந்ததை எப்படி எழுதுவது? ‘சிங்கம் போல’ என்று எழுதி அடித்தேன். ‘தென்றல் போல’ என்று எழுதி அதையும் அடித்தேன். பிறந்தநாள் கொண்டாடும் குழந்தை போல வந்தார். சரியாக இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

“வாங்க வாங்க! மதுரையில இருந்து வர்றேன், வழிபூரா உங்க நன்றிதான்!” அய்யாதுரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “முப்பது வருஷ அரசியல்ல, கேக்குறவங்களைத்தான் பாத்திருக்கேன். நன்றி சொல்றவங்களை இன்னைக்குத்தான் பாக்குறேன்.” பின்னால் நின்ற வரித்துறை அதிகாரியம்மாவிடம் திரும்பினார். “ஏம்மா, நாம இதை எப்பம்மா குறைச்சோம்?”

“பரிசீலனையில இருக்கு சார்,” என்றார் அதிகாரியம்மா. மூக்குக் கண்ணாடி, நூல் புடவை, முகத்தில் ஒன்றுமே எழுதாத அமைதி.

“பாத்தீங்களா! பரிசீலனைக்கே நன்றி! இதுல்ல பண்பாடு!”

உடனே பொன்னாடைகள் தொடங்கின. ஒன்று, கைதட்டல், ஃபிளாஷ். இரண்டு, கைதட்டல், ஃபிளாஷ். ஒவ்வொரு உறுப்பினரும் போர்த்திவிட்டுத் திரும்பும்போது, பின்புறத்து வெள்ளி அதிகாரியம்மாவின் கண்ணில் பளீரென்று அடித்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நாலாவது பொன்னாடையில் அமைச்சரின் உதவியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாவதில் அமைச்சரின் கழுத்தே தெரியவில்லை.

ஏழாவது காசிராஜன்.

அவர் நெஞ்சு சரவெடி போல அடித்துக்கொண்டது. (வெடிக்காது என்று சொல்லியிருந்தேன், ஞாபகம் இருக்கிறது. இது உவமை.) பேசாமல் போர்த்திவிட்டு வந்தால், அமைச்சர் தான் ஏற்கெனவே செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மகிழ்ச்சியாகக் கார் ஏறுவார். செய்துவிட்ட காரியத்தை யாராவது மறுபடி செய்வார்களா? பன்னிரண்டரை வந்து உட்காரும். கோயம்புத்தூர் போன் எடுக்காது. பேசினாலோ, ஊரெல்லாம் ஒட்டிய நன்றியை வாயாலேயே கிழிப்பது போல.

அய்யாதுரை அவர் காதருகே குனிந்தார். உதடு அசையாமல் பேசுவதில் தலைவருக்கு நல்ல பழக்கம்.

“வாயைத் தொறந்த, அம்புட்டும் போச்சு. கும்பிட்டுட்டு வா.”

“அண்ணாச்சி, என் லேபிள்—”

“லேபிள் கெடக்கட்டும்லே. ஷெட்டுக்கு நான் இருக்கேம்லா?”

அந்தக் கடைசி வாக்கியம்தான் காசிராஜனை முன்னால் தள்ளியது. ஆறுதலாகச் சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்டதும் அவர் கால்கள் தாமாகவே நடந்தன. பொன்னாடையைப் போர்த்தினார். போர்த்திய கையை எடுக்கவில்லை. அமைச்சரின் இரண்டு தோளையும் பிடித்தபடி நின்று, ஒத்திகை பார்த்த வசனத்தில் ஒரு சொல்கூட இல்லாமல் சொன்னார்:

“ஐயா, நீங்க இன்னும் குறைக்கலைய்யா.”

கைதட்டல் பாதியில் நின்றது.

“நாங்க மெஷின் சும்மா நின்னுச்சுன்னு முன்னாடியே அடிச்சுட்டோம். நீங்க குறைக்கலை. குறைச்சாத்தான்யா எம் மக பேரு நிக்கும். பன்னண்டரையில வச்சீகன்னா கோயம்புத்தூர்க்காரரு சரக்கு எடுக்க மாட்டாரு. நாலுல வையுங்க. நாலுல வச்சாப் பொழைச்சுக்கிருவோம்.”

சொல்லிவிட்டார்! நான் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டேன். இவர் பேசுவார் என்று மூன்று வரைவுகளாக நான் நம்பவில்லை. இரண்டு வரைவில் கும்பிட்டுவிட்டு வந்தார். ஒன்றில் ‘நல்லா இருக்கீகளா’ என்று கேட்டார். இந்தத் தடவை அவராகப் பேசினார். அய்யாதுரையின் முகம் போஸ்டரில் இருந்த அளவிலிருந்து சுருங்கி, மிளகுக்கு வந்துவிட்டது.

அமைச்சர் கோபப்படவில்லை. ஏழு பொன்னாடைகளுக்குள் இருந்து கோபப்படுவது கடினம். கொஞ்ச நேரம் காசிராஜனைப் பார்த்தார். பிறகு சிரித்தார், இந்தத் தடவை போஸ்டரில் இல்லாத ஒரு சிரிப்பு.

“நியாயமாத்தான் கேக்குறார். குறிச்சுக்கோங்கம்மா.”

அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார். கனிவாகவே கேட்டார்:

“சொல்லுங்க சார். இப்போ உங்க யூனிட்ல எவ்வளவு வரி கட்டுறீங்க? அதை வச்சு ஒப்பிட்டுக் காட்டினா ஃபைல்ல பலமா இருக்கும்.”

ஆறு செயற்குழு உறுப்பினர்களும் ஒரே நேரத்தில் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள்.

காசிராஜன் வாயைத் திறந்தார்.

7

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் இருக்கின்றன.

முதல் முடிவில், காசிராஜன் வாய்க்கு வந்த ஓர் எண்ணைக் கம்பீரமாகச் சொல்கிறார். அதிகாரியம்மா அதை எழுதிக்கொள்கிறார். கோப்பு பலமாகிறது. இதை நான் அடித்ததற்குக் காரணம், அதிகாரியம்மா எழுதிக்கொண்ட விதம். அவ்வளவு நிதானமாக எழுதுகிறவர்கள் பிறகு சரிபார்ப்பார்கள்.

இரண்டாவதில், அய்யாதுரை மின்னலாகப் பாய்ந்து, அமைச்சரின் மேலிருந்த ஒரு பொன்னாடையை உருவி அதிகாரியம்மாவுக்குப் போர்த்துகிறார். கைதட்டல், ஃபிளாஷ், நேரம் முடிந்தது. இது எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் இதில் கோரிக்கை கோப்பில் ஏறுவதில்லை; அடுத்த சீசனுக்குக் காசிராஜனின் ஷெட்டில் அய்யாதுரையின் லேபிள் ஒட்டுகிறார்கள். கீர்த்திகா வீட்டை இரண்டாக்குகிறாள்.

மூன்றாவதில் காசிராஜன் சொல்கிறார்: “அம்மா, உள்ளதைச் சொல்லணும்னா நாங்க

இதை என்னால் முடிக்க முடியவில்லை. மேற்கோள் குறிகூட மூடவில்லை, பாருங்கள்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். அதிகாரியம்மாவின் பேனா திறந்தே இருக்கிறது. அமைச்சருக்கு வியர்க்கிறது. காசிராஜனின் வாயும் திறந்தே இருக்கிறது. அதில் போட வேண்டிய பதிலை நீங்கள்தான் எடுத்துத் தர வேண்டும். லேபிள் நிற்க வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன். எப்படி என்பதைக் கொஞ்சம் சீக்கிரம் யோசியுங்கள். உதவியாளர் மறுபடி கடிகாரத்தைப் பார்க்கிறார்.

யோசிக்குமுன் உங்களுக்கு ஒரு தகவல் தேவைப்படும். கீர்த்திகா சரக்கு மலிவாக இருந்ததற்கும் அதுதான் காரணம்.

காசிராஜன் அதுவரை விற்பனை வரி கட்டியதே இல்லை.